20 டெராபைட் படங்களைப் பற்றி நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதமும் அதனுடன் அனுப்பியிருந்த அலமாரியின் படமும் கிடைத்தன. அடுக்கி வைத்த ஹார்ட் டிஸ்க்குகளின் மேல் "புதியது", "புதியது 2", "இதுதான் கடைசி" என்று ஒட்டியிருந்த சீட்டுகளைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். படம் எடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்களின் அலமாரி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. நிறுவனத்தை மகளின் பொறுப்பில் விடுவதற்கு முன் இதைச் சீர்செய்ய நினைத்தது நல்லது. எங்கள் அலுவலகத்திலும் பழைய சர்வருக்கு விடைகொடுத்துச் சேமிப்பு முழுவதையும் மாற்றியமைத்தோம். பதில் தாமதமானதற்கு அதுவே காரணம்.

20 டெராபைட் படங்களையும் காணொளிகளையும் பத்திரமாக வைக்க எந்தக் கருவியை வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். அந்த அலமாரி ஒரே இரவில் இல்லாமல் போனால், மறுநாள் வாடிக்கையாளர் கேட்கும் காணொளியை எங்கிருந்து, எத்தனை மணி நேரத்தில் எடுத்துக் கொடுப்பீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றவை அதைப் பின்பற்றி வரும்.

விற்பனையாளர் பரிந்துரைத்த ரெய்டு பெட்டியில், அதாவது பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து இயக்கும் பெட்டியில், குறை ஒன்றுமில்லை. ரெய்டு 5 அமைப்பு ஒரு டிஸ்க்கின் பழுதையும், ரெய்டு 6 இரண்டின் பழுதையும் தாங்கும். அதனால் வேலை தடைப்படாது. ஆனால் யாராவது ஒரு கோப்புறையைத் தவறுதலாக அழித்தால், அது எல்லா டிஸ்க்கிலிருந்தும் அந்த நொடியே போய்விடும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர், திருட்டு, தீ ஆகியவற்றுக்கும் இதே கதைதான். அன்றாட எடிட்டிங்குக்கு அதை வாங்குங்கள், பேக்கப் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பீட்டர் குரோ என்ற புகைப்படக் கலைஞர் பரவலாக்கிய 3-2-1 விதியை நான் இன்னமும் நம்புகிறேன்: மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு நகல் வேறு இடத்தில். பக்கத்து அறையை வேறு இடம் என்று எண்ணிவிட வேண்டாம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, மூலத்தையும் நகலையும் ஒரே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் சிலர் இரண்டையுமே இழந்தார்கள்.

வெளியிடத்து நகலுக்குக் கிளவுட் போதுமா என்பது உங்கள் இணைய இணைப்பைப் பொறுத்தது. நொடிக்கு 100 மெகாபிட் வேகம் இடையறாமல் கிடைத்தாலும் 20 டெராபைட்டை ஏற்றப் பதினெட்டு நாட்களுக்கு மேல் ஆகும். இறக்கும்போதும் அதே கணக்குதான். மலிவான ஆவணச் சேமிப்பு வகைகளில் கோப்பைக் கேட்டதும் கிடைக்காது. அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவில் வழக்கமான முறையில் 12 மணி நேரம் வரையும், மொத்தமாகக் கேட்டால் 48 மணி நேரம் வரையும் காத்திருக்க வேண்டும். சேமித்து 180 நாட்கள் முடிவதற்கு முன் அழித்தாலும் அத்தனை நாளுக்கும் கட்டணம் உண்டு. மாத வாடகையைவிட வெளியே எடுக்கும் கட்டணத்தையே முதலில் விசாரியுங்கள். கணினியோடு தானாக ஒத்திசையும் சேவையில் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும் என்பதால், குறிப்பிட்ட காலம்வரை எவராலும் அழிக்க முடியாதபடி பூட்டும் வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

சேகரிப்பு வளர்ந்துகொண்டே போனால், தரவைக் காந்த நாடாவில் பதியும் எல்டிஓ டேப்தான் என் விருப்பம். எல்டிஓ-9 டேப் ஒன்றில் 18 டெராபைட் அடங்கும். பெட்டியில் 45 என்று அச்சிட்டிருப்பது தரவைச் சுருக்கிய பிறகு வரும் கணக்கு. உங்கள் ஜேபெக் படங்களும் காணொளிகளும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால் அதை மறந்துவிடுங்கள். டேப் மலிவு, அதை ஓட்டும் டிரைவ்தான் விலை அதிகம். சுழலும் தட்டுக்குப் பதில் சில்லுகளில் தரவை வைக்கும் எஸ்எஸ்டியை மட்டும் மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைக்காதீர்கள்.

பலரும் விட்டுவிடுவது சரிபார்ப்பை. ஒரு படத்தைத் திறந்தால் மேல்பாதி தெளிவாகவும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். கெட்ட கோப்பைக் கவனிக்காமல் நகலெடுத்தால், நல்ல நகலின் மேலும் அதுவே போய் உட்கார்ந்துவிடும். இதைத் தடுக்க ஒவ்வொரு கோப்புக்கும் அதன் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 மதிப்பை மென்பொருளால் கணக்கிட்டுத் தனிப் பட்டியலாக வைத்துக்கொண்டு, நகலெடுக்குமுன் ஒப்பிட்டுப் பாருங்கள். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் மதிப்பு முற்றிலும் வேறாகிவிடும். மேமரி கார்டிலிருந்து எடுத்தவுடனேயே கணக்கிடுவது நல்லது, பிறகு கணக்கிட்டால் அதற்குமுன் நேர்ந்த சேதம் தெரியாது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு பழைய நிகழ்ச்சியை நகலிலிருந்து மீட்டுப் பாருங்கள். அதை உங்கள் உதவியின்றி மகளே செய்யட்டும். கடவுச்சொல் உங்கள் நினைவில் மட்டும் இருப்பது அப்போது தெரிந்துவிடும்.

எதையும் வாங்குமுன், ஒவ்வொரு டிஸ்க்கிலும் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, ஒப்பந்தப்படி எதை எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதி அனுப்புங்கள். டேப் டிரைவுக்குச் செலவழிப்பது தகுமா, கிளவுட் மட்டும் போதுமா என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவியுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்