ஒக்டோபர் 10க்குள் இன்னும் 2,650 யூரோ தேவை: பேர்லின் 'என். இஸ்ரேல்' துணிக்கடை நினைவுக் கண்காட்சிக்கான நன்கொடை வேண்டுகோள்

அன்பான ஜேர்மனி வாழ் உறவுகளே, வணக்கம்.

நேரே விடயத்துக்கு வருகிறோம். பேர்லினில் தலைமுறை தலைமுறையாகப் பேரோடு நடந்த ஒரு யூதக் குடும்பத்தின் துணிக்கடையைப் பற்றி, தமிழிலும் ஜேர்மன் மொழியிலும் ஒரு கண்காட்சியும் சிறுநூலும் தயாரித்து வருகிறோம். நவம்பர் 9 அன்று திறக்கவேண்டும். அச்சகத்துக்கு ஒக்டோபர் 10க்குள் முழுக்காசும் கட்டியாகவேண்டும்.

கடையின் பெயர் என். இஸ்ரேல். 1815இல் நாதன் இஸ்ரேல் சிறிதாகத் தொடங்கியது. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் காலத்தில் பேர்லின் நகரமண்டபத்துக்கு எதிரே, ஸ்பண்டவர் வீதியில், பல மாடிக் கட்டடமாக வளர்ந்தது. லினன் துணிக்கும் தைத்த உடுப்புக்கும் பெயர்போன இடம். ஏறக்குறைய 2,000 பேருக்கு அங்கே வேலை. 1900 தொடக்கம் முதலாம் உலகப்போர் வரை, வருடத்துக்கு ஒரு விடயத்தை எடுத்து அழகான படத்தொகுப்பு அச்சடித்து வாடிக்கையாளருக்குக் கொடுத்தார்கள். துணி விற்றவர்கள் புத்தகமும் கொடுத்தார்கள் என்பதை எங்கள் குழுவின் மூத்தவர்கள் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள்.

1933 ஏப்ரல் 1, சனிக்கிழமை. ஹிட்லரின் நாசிப் படையினர் நாடு முழுவதும் யூதக் கடை வாசல்களில் நின்றார்கள். 'ஜேர்மனியரே, உங்களைக் காத்துக்கொள்ளுங்கள், யூதரிடம் வாங்காதீர்கள்' என்ற அட்டை கையில். அப்போது கடையை நடத்தி வந்தவர் அதே குடும்பத்தின் வில்பிரிட் இஸ்ரேல். இலண்டனில் பிறந்தவர், பிரித்தானியக் குடியுரிமையும் இருந்தது. நினைத்திருந்தால் அன்றைக்கே போயிருக்கலாம். போகவில்லை. 1938 நவம்பர் 9, 10இல் நாடெங்கும் ஏறக்குறைய 7,500 யூதக் கடைகள் நாசமாக்கப்பட்டன. இந்தக் கடையும் தப்பவில்லை. பிடித்துக்கொண்டு போன தன் ஊழியர்களை பேர்லினுக்கு அருகே இருந்த சாக்சன்ஹவுசன் வதைமுகாமிலிருந்து எடுக்க அவர் ஓடித் திரிந்தார். யூதப் பிள்ளைகளைப் பிரித்தானியாவுக்கு அனுப்பும் முயற்சிக்கு முதல் முதல் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். அப்படிக் கரை சேர்ந்த பிள்ளைகள் ஏறக்குறைய 10,000.

உடைத்தவர்களுக்குத் தண்டனை இல்லை. உடைபட்டவர்களே திருத்தவேண்டும் என்று சட்டம் போட்டு, காப்புறுதிக் காசையும் அரசு எடுத்து, யூதர்கள்மேல் 100 கோடி ரைஷ்மார்க் தண்டமும் விதித்தது. 1939 ஜனவரி 1இலிருந்து யூதர் கடை நடத்தவே தடை. அந்த வருடமே என். இஸ்ரேல் கைமாறியது. பிறகு குண்டுவீச்சில் கட்டடமும் போயிற்று. 1943 ஜூன் 1, லிஸ்பனில் அகதிகளுக்கான வேலையை முடித்துப் பிரித்தானியாவுக்குத் திரும்பும்போது வில்பிரிட் வந்த பயணிகள் விமானத்தை ஜேர்மன் போர்விமானங்கள் சுட்டு வீழ்த்தின. 17 பேரும் மாண்டார்கள்.

இது எங்களுக்கு என்ன என்று சிலர் கேட்டார்கள். இலங்கையில் காடையர்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு தமிழர் வீட்டையும் கடையையும் தேடி வந்த 1983 ஜூலையை நாங்கள் மறந்துவிட்டோமா? எங்களில் பலர் அன்றைய கிழக்கு ஜேர்மனியின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அலெக்சாண்டர்பிளாட்ஸ் தாண்டி, மேற்கு பேர்லினுக்குக் கடக்கும் பிரீட்ரிக்ஸ்ட்ராஸ நிலையத்துக்கு ரயிலில் வந்தவர்கள். அந்தக் கடை நின்ற இடம் அலெக்சாண்டர்பிளாட்ஸிலிருந்து நடக்கிற தூரம். அரசியல் காரணமாகத் துன்புறுத்தப்பட்டவருக்குத் தஞ்சம் உண்டு என்று இந்த நாட்டின் அடிப்படைச் சட்டம் 1949இல் எழுதியது, நாசிக் காலத்தின் கொடுமையைக் கண்ட பிறகுதான். அந்த ஒரு வரியில்தான் எங்கள் விசாவும் வீடும் பிள்ளைகளின் படிப்பும் நிற்கின்றன.

கணக்கு இது. பழைய படங்களின் உரிமைக்கு 1,200 யூரோ, 14 பதாகைகளுக்கு 1,960, சிறுநூல் 500 பிரதிக்கு 2,400, மண்டபத்துக்கு 640, ஊர் ஊராகக் கொண்டுபோக 600. மொத்தம் 6,800. கையில் 4,150.

இதுவரை தந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? துப்புரவு வேலைக் காசில் மாதம் தவறாமல் 20 யூரோ தரும் அம்மா, ஓய்வூதியத்தின் முதல் காசை உறையில் போட்டு 'பெயர் போடவேண்டாம் தம்பி' என்று தந்த ஐயா, சுற்றுப்போட்டிப் பரிசை அப்படியே தந்த உதைபந்தாட்டப் பெடியள், திருவிழா நாளிலும் வாசலில் எங்கள் உண்டியலுக்கு இடம் தந்த கோயில் நிர்வாகம், பதாகை எழுத்துகளை இரவிரவாகத் திருத்திய தமிழ்ப் பாடசாலை ஆசிரியைகள் எல்லோருக்கும் அம்பாள் ஒரு குறையும் வைக்கமாட்டா.

தராதவர்களிடமும் உரிமையோடு கேட்கிறோம். சாமத்தியவீட்டு மேடை அலங்காரத்துக்கு எங்கள் குடும்பங்கள் கொடுக்கிற காசைவிட, இப்போது குறைகிற காசு கொஞ்சம்தான். கண்காட்சிக்கு வருகிற ஜேர்மன் அயலவர், பாதிப் பதாகை ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்டால், காசு சேரவில்லை என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது.

10 யூரோவானாலும் தாருங்கள். சனிக்கிழமைகளில் பாடசாலை முடியும் நேரம் பொருளாளர் வாசலில் இருப்பார். பற்றுச்சீட்டு கையோடு தரப்படும். 50 யூரோவும் அதற்கு மேலும் தருவோர் பெயர், விரும்பினால், சிறுநூலில் வரும். கடைசிச் சனிக்கிழமை வரை வைத்திருக்காமல் இந்தக் கிழமையே தந்துவிடுங்கள்.

இவ்வண்ணம்,
நினைவுக் கண்காட்சிக் குழு, பேர்லின்