நல்ல நிலையில் இருக்கும் பல் அடைப்பைத் தோண்ட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாதரசம் கலந்த பல் அடைப்பை 2034-ஆம் ஆண்டுக்குள் நிறுத்திவிடுவது என்று, பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடி முடிவெடுத்ததைத் தங்கள் இதழில் படித்தேன். நல்ல முடிவுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இனிமேல் பாதரசம் வைக்கக்கூடாது என்பது வேறு, ஏற்கெனவே வாயில் இருப்பதையெல்லாம் தோண்டி எடுக்க வேண்டும் என்பது வேறு. எங்கள் பக்கம் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, வலியோ கூச்சமோ இல்லாதவர்கள்கூடப் பல் ஆஸ்பத்திரி வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.

என் மதினிக்குக் கீழ்க் கடைவாயில் பல வருஷத்துச் சில்வர் ஃபில்லிங், அதாவது இந்தப் பாதரச அடைப்பு. முறுக்கு, சீடை எதையும் விட்டுவைக்காதவள், அது அசைந்து கொடுத்ததே இல்லை. பல் சுத்தம் பண்ணப் போன இடத்தில், "அம்மா, இது விஷம். உங்க மூட்டு வலிக்கும் மறதிக்கும் இதுதான் காரணம். எடுத்துட்டு வெள்ளையா அடைச்சிருவோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்கு மூட்டு வலியும் மறதியும் இருக்கத்தான் செய்யும்! அவள் பயந்துபோய்ச் சம்மதித்துவிட்டாள். தோண்டிய பல்லில் ஒன்று கூசத் தொடங்கி, ரூட் கெனால் ஆகி, கடைசியில் கேப் போட்டு முடிந்திருக்கிறது. மூட்டு வலி அப்படியே இருக்கிறது.

நான் வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பாதரசத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை. ஆய்வகத்தில் வெப்பமானி உடைந்தால் பிள்ளைகள் அந்த முத்துக்களை உள்ளங்கையில் உருட்டி விளையாட ஓடி வருவார்கள். அவர்களை விரட்டிவிட்டு, ஜன்னல்களைத் திறந்து, கந்தகப் பொடியைத் தூவி அள்ளுவதுதான் என் வேலை. அறை வெப்பத்திலேயே ஆவியாகிற உலோகம் அது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஆவிதான் நுரையீரல் வழியாக உடம்புக்குள் போகிறது.

சில்வர் ஃபில்லிங் என்ற பேர் இருந்தாலும் அதன் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. அந்தக் காலத்துப் பல் மருத்துவர்கள் பாதரசத்தையும் உலோகப் பொடியையும் சின்னக் கல்வத்திலிட்டு அரைத்து, துணியில் வைத்துப் பிழிவார்கள். பாதரசத்தைக் கல்வத்தில் அரைப்பது சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற பாளையங்கோட்டைக்குப் புதிதில்லை. ஆனால் சித்த வைத்தியர்கள் அதைச் சுத்திகரிக்காமல் தொடமாட்டார்கள், இங்கே நேராகக் கையில் பிசைந்தார்கள். அப்போது அதிகம் ஆவியை மூச்சில் இழுத்தவர் நோயாளி இல்லை. மருத்துவரும் பக்கத்தில் நின்ற உதவிப் பெண்ணும்தான். பிறகு அளந்து அடைத்த கேப்ஸ்யூல் வந்தது. பாதரசத்தைத் தனியாக வாங்கி வைத்துக் கலக்கும் பழக்கத்தை நிறுத்த 2022-இல் இதே உடன்படிக்கை நாடுகள் முடிவு செய்தன.

கலந்து பல்லில் அடைத்த பிறகு பாதரசம் திரவமாக உள்ளே உட்கார்ந்திருப்பதில்லை. வெள்ளியோடும் வெள்ளீயத்தோடும் வினைபுரிந்து இறுகிவிடுகிறது. மெல்லும்போதும், சூடாகக் காபி குடிக்கும்போதும், தூக்கத்தில் பல்லைக் கடிக்கும்போதும் மிகச் சிறிதளவு ஆவி வரும் என்பது உண்மை. அதனால்தான் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் இதைப் பயன்படுத்துவதைத் தவிர்க்க 2022-இல் முடிவானது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகமும் 2020-இல் சிறுநீரகக் கோளாறு, நரம்பு நோய் உள்ளவர்களையும் சேர்த்து இதே மாதிரி எச்சரித்தது. அந்த அறிக்கையிலேயே, நல்ல நிலையில் இருக்கும் பழைய அடைப்பை மருத்துவக் காரணம் இல்லாமல் எடுக்க வேண்டாம் என்றும் தெளிவாக எழுதியிருக்கிறது. நம் ஊர் விளம்பரப் பலகைகளில் முதல் பாதி மட்டும்தான் வருகிறது.

எடுக்கக்கூடாது என்பதற்குக் காரணம் எளிது. டிரில் வைத்துக் குடையும்போது உராய்வில் சூடு ஏறுகிறது. சூடு ஏறினால் ஆவியும் தூளும் கிளம்பும். சும்மா கிடந்த பாதரசத்தைக் கிளப்பி விடுவது அந்த நேரத்தில்தான். அதோடு நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்தே போகும், குழி முன்னைவிடப் பெரிதாகும், நரம்புக்குக் கிட்டே போகும். அடைப்பு விரிசல் விட்டிருந்தாலோ, ஓரத்தில் மறுபடி சொத்தை விழுந்திருந்தாலோ, அதை ஒட்டிய கன்னத்தில் ஒவ்வாமையால் புண் வந்திருந்தாலோ எடுக்கத்தான் வேண்டும். அப்போதும் ரப்பர் விரிப்பு போட்டு, தண்ணீரை நன்றாகப் பீய்ச்சி, வேகமான உறிஞ்சு குழாயைப் பக்கத்திலேயே வைத்து, பொடியாக அரைக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும். இதெல்லாம் உண்டா என்று நாற்காலியில் சாய்வதற்கு முன்னாலேயே கேட்டுவிடலாம். கேட்டால் கோபித்துக்கொள்கிற இடத்தில் வாயைத் திறக்காமல் இருப்பதே மேல்.

மாற்று என்ன என்பதையும் ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். நீல விளக்கைக் காட்டி இறுக வைக்கிற கம்போசிட் பல் நிறத்திலேயே இருக்கும், பல்லோடு ஒட்டிக்கொள்ளும், ஆகவே பல்லை அதிகம் குடைய வேண்டியதில்லை. ஆனால் ஒட்டும் நேரத்தில் எச்சில் பட்டால் கெட்டது. இறுகும்போது கொஞ்சம் சுருங்கவும் செய்யும், அந்த ஓரத்தில் சொத்தை திரும்பி வரலாம். கடைவாய்ப் பற்களில் கம்போசிட் அடைப்புகள் பாதரச அடைப்புகளைவிட அதிகமாகத் தோற்கின்றன என்று காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மதிப்பாய்வு சொல்கிறது. என் மதினி மாதிரி முறுக்குக் கடிக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. புதிதாக விழுகிற சொத்தைக்குக் கம்போசிட் வைக்கட்டும், கவனமாக வைக்கட்டும். உழைத்துக்கொண்டிருக்கிற அடைப்பை அதற்காக எடுக்க வேண்டியதில்லை.

குழந்தைகளுக்கு கிளாஸ் அயனோமர் என்ற சிமெண்ட் இருக்கிறது. அதைத்தான் அதிகம் பேச வேண்டும், யாரும் பேசுவதில்லை. அது தானாகவே பல்லோடு வேதிமுறையில் பிணைகிறது, உள்ளிருந்து ஃபுளோரைடையும் விடுகிறது. தேய்மானத்தில் கம்போசிட் அளவுக்கு நிற்காது. ஆனால் விழப்போகிற பால் பல்லுக்கு ஆயுசு முழுக்க நிற்க வேண்டிய அவசியம் என்ன? டிரில், கரண்ட் எதுவும் இல்லாமல், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டிவிட்டு இந்தச் சிமெண்டை அடைக்கும் முறையை 1980-களில் தான்சானியாவில் உருவாக்கினார்கள். களக்காடு, பாபநாசம் பக்கத்து மலையடிவாரப் பள்ளிக்கூடங்களில் முகாம் போட்டால் பெஞ்சில் படுக்கவைத்தே செய்யக்கூடிய வேலை இது. இப்போதைய முகாம்களில் பல்லை எண்ணி, சீட்டு எழுதிக் கொடுத்து, டவுணுக்கு அனுப்புவதோடு சரி. கூலி வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையை அழைத்துவர எந்தத் தாயால் முடியும்?

இன்னொன்று தாமிரபரணி. தோண்டி எடுக்கிற தூள் எச்சிலோடு துப்பு கிண்ணத்தில் விழுந்து குழாய் வழியாகப் போகிறது. எங்கே போகும்? இந்த ஊர்ச் சாக்கடை ஆற்றில் கலப்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆற்று வண்டலில் படிகிற பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசமாக மாற்றலாம், அது மீனில் ஏறும். 1956-இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட நோய்க்குக் காரணம் ஒரு ஆலை கடலில் விட்ட மெத்தில் பாதரசம். பல் ஆஸ்பத்திரித் தூளை அதோடு ஒப்பிட முடியாது, அளவு மிகச் சிறியது. ஆனாலும் கொடைக்கானல் வெப்பமானி ஆலை 2001-இல் மூடப்பட்ட பிறகும் பாதரசம் கலந்த அந்த மண்ணைச் சுத்தம் செய்வது பற்றிய பேச்சு எத்தனை வருஷம் நீண்டது என்பதைப் பார்த்தவர்கள் நாம். உள்ளே போனால் லேசில் வெளியே வராத பொருள் இது.

இதற்குத் தடுப்பு உண்டு. பாதரச அடைப்புத் தூளைப் பிரித்தெடுக்கும் அமால்கம் செப்பரேட்டர் என்ற சாதனத்தைக் கழிவுக் குழாயில் மாட்டினால், வந்து சேரும் தூளில் 95 சதவீதத்தைப் பிடித்துவிட வேண்டும் என்பது உலகத் தர அளவு. அடைப்போடு பிடுங்கிய பல்லை எரிக்கிற குப்பையில் போடக்கூடாது. பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதித்துப் போய்விடும், நெருப்பு அதைக் காற்றில்தான் ஏற்றும். மூடிய டப்பாவில் தனியாகச் சேர்த்துவைத்து, முறையாகக் கழிவு எடுப்பவரிடம் கொடுக்க வேண்டும். "பாதரசம் இல்லாத மருத்துவமனை" என்று பலகை வைத்துவிட்டுப் பழைய அடைப்புகளை நாள்தோறும் குடைகிற இடத்துக்குத்தான் செப்பரேட்டர் முதலில் வேண்டும். மாநகராட்சியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஆற்றங்கரை வார்டுகளில் இருந்து இந்தச் சோதனையைத் தொடங்கலாம்.

தங்கள் இதழின் மருத்துவப் பக்கத்தில் அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, யாருக்கு எடுக்க வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதை ஒரு பல் மருத்துவரைக் கொண்டு விளக்கச் சொல்லுங்கள். அந்த மருத்துவர் அதே பக்கத்தில் விளம்பரம் கொடுப்பவராக இல்லாமல் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
பெருமாள்புரம், பாளையங்கோட்டை.