சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் பராமரிப்பு என்றாலே இன்ஜின் ஆயில், பிரேக், டயர் காற்று, பேட்டரி என்று நாலைந்து விஷயங்களோடு முடித்துக்கொள்கிறோம். உங்கள் பத்திரிகையில் வரும் குறிப்புகளும் அப்படித்தான் இருக்கின்றன. முன்சக்கரத்தால் இழுபடும் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் எட்டிப் பார்க்க வேண்டிய ஒரு ரப்பர் உறை இருக்கிறது, சிவி ஜாயின்ட் பூட். ஆக்சிலில் இருக்கும் மடங்கும் இணைப்புதான் சிவி ஜாயின்ட், அதை மூடியிருப்பது பூட். அது கிழிந்த அன்றே தெரிந்தால் சின்ன வேலை, தெரியாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் பெரிய செலவு.

கியர்பாக்ஸிலிருந்து இரண்டு முன்சக்கரங்களுக்கும் போகும் ஆக்சில் ஒவ்வொன்றிலும் உள்முனையில் ஒரு ஜாயின்ட், வெளிமுனையில் ஒரு ஜாயின்ட், ஆக மொத்தம் 4. சக்கரம் எந்தப் பக்கம் திரும்பினாலும், பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் சுழற்சி சீராகப் போவது இவற்றால்தான். மேலே துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும் பூட்டுக்கு இரண்டே வேலை, கிரீஸை உள்ளே வைத்திருப்பது, தண்ணீரையும் மணலையும் உள்ளே விடாமல் தடுப்பது. முதலில் கிழிவது பெரும்பாலும் வெளிப்பக்க பூட்தான், ஏனென்றால் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மடங்கி நிமிர்வது அதுதான்.

பார்ப்பது சுலபம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, இன்ஜினை அணைத்துவிட்டு டயருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ரிம்மின் உள்பக்கத்திலும் பிரேக் காலிப்பரிலும் கறுப்பாக, வட்டமாகத் தெறித்த கிரீஸ் இருந்தால் பூட் போய்விட்டது என்று அர்த்தம். தெறிக்கவில்லை என்றாலும் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள், விரிசல் மடிப்பின் பள்ளத்தில்தான் ஒளிந்திருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் ரப்பர் புதுசு போலவே தெரியும். சில வண்டிகளில் பூட் நன்றாக இருக்கும், அதன் ஓரத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் என்ற பட்டை மட்டும் தளர்ந்து அங்கே கிரீஸ் கசியும். அதற்கு கிளாம்பை மாற்றினாலே போதும்.

அப்புறம் சத்தம். ஆள் இல்லாத திறந்த இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடிக்கும்போது டக் டக் என்று கேட்டால் வெளிப்பக்க ஜாயின்ட் தேய்ந்துவிட்டது. நேராகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் மட்டும் வண்டி உதறுகிறதென்றால் உள்பக்க ஜாயின்டைச் சந்தேகப்படலாம். சத்தம் வந்த பிறகு புது பூட் போடுவதில் பயனில்லை, உள்ளே உலோகம் தேய்ந்தாகிவிட்டது, ஜாயின்டையோ முழு ஆக்சிலையோதான் மாற்ற வேண்டும்.

ஆனால் சத்தமே இல்லாத வண்டிக்கும், பூட் கிழிந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, ஜாயின்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் "ஆக்சிலையே மாத்திடுங்க" என்று சில மெக்கானிக்குகள் சொல்கிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பிரித்து, பழைய கிரீஸை முழுக்கக் கழுவி எடுத்து, ஜாயின்டுக்குள் இருக்கும் குண்டுகளையும் அவை ஓடும் தடங்களையும் வெளிச்சத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். வழவழப்பாக இருந்தால் பூட் மட்டும் மாற்றலாம், குழியோ துருவோ விரலில் தட்டுப்பட்டால் ஜாயின்டை மாற்றத்தான் வேண்டும். இதை உங்கள் கண்முன்னால் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

வேலை செய்பவர்களுக்கும் சில வார்த்தைகள். பூட் கிட்டோடு வரும் கிரீஸையே போடுங்கள், அது பெரும்பாலும் மாலிப்டினம் கலந்தது, கையில் கிடைத்த கிரீஸ் அதற்கு ஈடாகாது. கிளாம்பை இறுக்கும் முன் பூட்டின் வாயை லேசாக நெம்பி உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றிவிடுங்கள், இல்லையென்றால் பூட் உப்பிக்கொண்டோ ஒட்டிக்கொண்டோ நின்று சீக்கிரம் கிழியும். ஆக்சிலின் வெளிமுனையை இறுக்கும் ஆக்சில் நட் புதுசாகவே போட வேண்டும், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து முறுக்க வேண்டும். சக்கர பேரிங்கின் ஆயுள் அந்த முறுக்கில் இருக்கிறது. வண்டி ஜாக்கியில் மட்டும் நிற்கும்போது யாரும் அடியில் போகக் கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம்.

ஆக்சிலைக் கழற்றாமலே ஒட்டிவிடுகிற பிளவு பூட்டும் கிடைக்கிறது. வழியில் மாட்டிக்கொண்டால் சமாளிக்க உதவும், ஆனால் ஒட்டிய இடத்தில் துளி கிரீஸ் பட்டிருந்தாலும் பிரிந்துவிடும், அதை நம்பி நாள் கடத்தாதீர்கள்.

அடுத்த முறை சர்வீஸில் பார்க்க வேண்டியவை என்று பட்டியல் போடும்போது பூட்டையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள், ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் எப்படித் தெறித்திருக்கும் என்று ஒரு படத்தோடு போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்