பருவ நிறைவும் அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டமும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழாவில் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். அறிவியல் கண்காட்சி சிறப்பாக நடந்தது. நூலகத்துக்குப் புதிய புத்தகங்கள் வந்திருக்கின்றன. தேர்வு முடிவுகளும் மனநிறைவு தருகின்றன. பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள்.

அப்புறம், பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

கடந்த கூட்டத்துக்கு நிறைய பேர் வந்திருந்தீர்கள். ஆனால், "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று மேடையிலிருந்து கேட்டபோது வழக்கமாகப் பேசும் இரண்டு மூன்று பேர்தான் எழுந்தார்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் வெகுநேரம் பேச்சு நடந்தது. வீட்டுப்பாடம் அதிகமா, கணக்கு என்றால் பிள்ளை ஏன் பயப்படுகிறான், இரவு எத்தனை மணிக்குத் தூங்க வைக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டுக்கொண்டீர்கள். எங்களுக்கு வேண்டியது அந்தப் பேச்சுதான்.

மாநாடுகளில் தேநீர் இடைவேளைதான் உருப்படியான நேரம் என்று பலரும் சொல்வதைக் கவனித்த ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர், எதைப் பேசுவது என்பதை வந்தவர்களே முடிவுசெய்யும் கூட்ட முறையை 1985இல் உருவாக்கினார். நம் கூட்டத்தை அந்த அளவுக்கு மாற்றப் போவதில்லை. ஆனால் வாசல் பேச்சு உள்ளே வர வழி செய்தாக வேண்டும்.

எங்கள் வகுப்பறையிலேயே அதற்கு வழி இருக்கிறது. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர், கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார் என்று 1970களில் எழுதினார். மூன்று விநாடி காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, பேசத் தயங்கிய பிள்ளைகளும் பேசினார்கள். முதலில் தனியே யோசி, பக்கத்தில் இருப்பவரிடம் பேசு, பிறகு எல்லோருக்கும் சொல் என்ற முறையை ஃபிராங்க் லைமன் என்ற கல்வியாளர் 1981இல் முன்வைத்தார். பிள்ளைகளுக்கு இது நன்கு பழகிய முறை. இனி நமக்கும் அதுவே.

அடுத்த கூட்டத்தில் மேடையும் மைக்கும் இருக்காது. நாலு நாலு நாற்காலிகளாக வட்டமாகப் போட்டிருப்போம். அறிவிப்புகளை வாசித்து நேரத்தைக் கழிக்க மாட்டோம், அவை முன்கூட்டியே தாளில் வீட்டுக்கு வரும். அதோடு ஒரே ஒரு கேள்வியும் வரும்: "பள்ளிக்குத் தெரியாத எந்த விஷயம் உங்கள் பிள்ளையின் படிப்பைப் பாதிக்கிறது?" யோசித்துவிட்டு வாருங்கள். கூட்டத்தில் இரண்டு நிமிடம் எழுதலாம், பிறகு வட்டத்தில் பேசலாம். எழுத விரும்பாதவர்கள் சொன்னால் போதும், ஆசிரியர் குறித்துக்கொள்வார். சொல்லப்பட்டவற்றில் எதைச் செய்தோம், எதைச் செய்ய முடியவில்லை, ஏன் என்று அதற்கடுத்த கூட்டத்தின் தொடக்கத்தில் சொல்வோம். பேசியதற்குப் பலன் தெரியாவிட்டால் மறுமுறை யார் பேசுவார்கள்?

சில விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவது வருகை ஆகாது. இனிமேல் கையெழுத்து, கூட்டம் முடிந்த பிறகுதான். போனை அணைத்துவிடுங்கள், அவசரமான அழைப்பு என்றால் வெளியே போய்ப் பேசுங்கள். மதிப்பெண் பற்றிய பேச்சு தனியாக, குறித்துக் கொடுத்த நேரத்தில் மட்டும் நடக்கும். எல்லோர் முன்னிலையிலும் ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடுவதையோ திட்டுவதையோ இந்தப் பள்ளியில் அனுமதிக்க மாட்டேன். அந்தப் பிள்ளை மறுநாளும் அதே வகுப்பில்தான் உட்கார வேண்டும்.

வேலையை விட்டுவிட்டு, சம்பளத்தை இழந்து வருகிறவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். கைக்குழந்தையோடு வருகிறவர்களும் உண்டு. அதனால்தான் சொன்ன நேரத்துக்குத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் முடிப்போம். அந்த நேரம் ஒத்துவராவிட்டால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், மாலையில் இன்னொரு வட்டம் போடுவோம். தாத்தா பாட்டி வந்தாலும் மகிழ்ச்சியே, பிள்ளையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது ஏராளம்.

இந்தப் பருவம் முழுவதும் எங்களோடு நின்றதற்கு மனமார்ந்த நன்றி. அறிவிப்புகளும் அந்த ஒரு கேள்வியும் உள்ள தாள் விடுமுறைக்கு முன்பே பிள்ளைகளின் கையில் வந்துவிடும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்