வீதியை வெட்டி மூடுவோருக்கு ஒரு சாரதியின் திறந்த மடல்

எங்கள் வீதிகளை வெட்டவும் மூடவும் அனுமதி வழங்கும் பொறியியலாளர்களுக்கு,

வணக்கம். 22 ஆண்டுகளாகச் சுன்னாகம், திருநெல்வேலி சந்தைகளுக்கு மரக்கறி ஏற்றும் சிறிய லொறியொன்றை ஓட்டிவரும் நான், குழாய் பதிப்பதற்காகக் குறுக்கே வெட்டப்படும் காப்பெற் வீதிகள் மூடப்படும் விதத்தைப் பற்றி எழுதுகிறேன். வெட்டிய கிடங்கை ஒரேயடியாக மண் போட்டு நிரப்பி மேலே தார் பூசிவிட்டால், அடுத்த மாரிக்கு அது தாழ்ந்துவிடுகிறது. பார்வைக்கு இரண்டு விரற்கடை ஆழம்தான். ஆனால் சில்லு அதில் விழுந்தெழும் ஒவ்வொரு தடவையும் அடி என் நாரியில் இறங்குகிறது.

இருந்து ஓட்டுபவரின் உடலை, செக்கனுக்கு 4 முதல் 8 தடவை வரையான மேல்கீழ் அதிர்வே கூடுதலாக வருத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டுப் பணிப்புரைப்படி, 8 மணிநேர வேலைநாளுக்குக் கணித்த அதிர்வின் வலு (ஆர்முடுகல்) 0.5 மீற்றர்/செக்கன்² என்ற அளவைத் தாண்டினால் தொழில்தருநர் அதைக் குறைக்க வழிசெய்ய வேண்டும்; 1.15ஐத் தாண்டவே கூடாது. அந்தக் கணக்கில் அதிர்வின் வலு இரட்டித்தால், 8 மணிநேரத்தில் சேரும் சுமை 2 மணிநேரத்திலேயே சேர்ந்துவிடும்.

வாகனத்தின் பங்கையும் மறைக்கவில்லை. பாரத்துக்கென அடுக்கிய ஸ்பிரிங் தகடுகள், சந்தையில் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போது வளைந்துகொடுப்பதில்லை. என் முதுகு நோவது போகும்போதல்ல, வரும்போதுதான். வீட்டில் தைத்துத் தந்த பஞ்சு மெத்தையையும் போட்டுப் பார்த்தேன். மெத்தென்ற இருக்கை மெதுவான குலுக்கத்தைச் சிலவேளை பெருக்கிவிடும் என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். (ஓட்டோக்காரரின் பாடு இன்னும் மோசம்: கிடங்கை இரு பின்சில்லுகளுக்கும் நடுவே விட்டால், முன்சில்லு நேராக அதற்குள்ளேயே போய் விழும்.) வேகத்தைக் குறைத்தால் குலுக்கமும் குறையும் என்பது உண்மையே, எனினும் விடியமுன் சந்தைக்குச் சேராத கீரையை மத்தியானம் எவரும் வாங்குவதில்லை.

ஆகவே நான் கேட்பது புதிய வீதியையல்ல. வெட்டிய இடத்தை அடுக்கடுக்காக இறுக்கி நிரப்பியதை அருகில் நின்று பாருங்கள். மேற்பரப்பில் 3 மீற்றர் நேர்கோலை வைத்து, அதன் அடியில் இடைவெளி தெரிகிறதா என்று அளந்த பின்னரே வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒப்பந்தகாரரின் இறுதிக் கொடுப்பனவை ஒரு மாரி கழியும்வரை நிறுத்திவைத்து, தை மாதத்தில் அதே கோலுடன் மறுபடியும் வாருங்கள்.

இப்படிக்கு,
லொறிச் சாரதி ஒருவர்,
யாழ்ப்பாணம்.