மட்டக்களப்பு யாருக்கு மலிவு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு தங்கள் வாரமலரில், ஓய்வுக்குப் பிறகு எங்கே குடியேறலாம் என்று ஒரு பத்தி வந்திருந்தது. எழுதியவர் தலைநகரின் நெரிசலை நான்கு பந்திகளில் நொந்துகொண்டு, ஐந்தாவது பந்தியில் எங்கள் ஊருக்கு வந்து சேர்கிறார். மட்டக்களப்புப் போன்ற சிறு நகரங்களில், கொழும்பில் செலவாகும் பணத்தில் பாதி இருந்தால் ராஜாவாக வாழலாமாம். வீட்டு வாடகை ஒரு பொருட்டே இல்லையாம். வாவி மீனும் கைக்குத்தரிசியும் வாசலுக்கு வந்துவிடுமாம்.

பத்திரிகையை மனைவியிடம் நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தாள். "இவருக்கு எந்த வீட்டை யார் வாடகைக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள்" என்றாள். கேட்டுவிட்டேன். பதில் கிடைத்தால் அடுத்த நாளே சாமான்களைக் கட்டிவிடுவோம்.

நான் அரசாங்க எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன். கூழாவடியில் இரண்டு அறை வீடொன்றில் வாடகைக்கு இருக்கிறேன். 2019இல் குடிவந்தபோது மாதம் 10,000 ரூபாய் கொடுத்தேன், இப்போது 24,000. அன்று ஒழுகிய ஓடு இன்றும் அதே இடத்தில்தான் ஒழுகுகிறது. வீட்டுக்காரரின் மகன் சுவிஸில் இருக்கிறார். ஒப்பந்தம் முடிகிற மாதம் வட்சப்பில் அழைத்து, "அங்கிள், சுகமாக இருக்கிறீர்களா?" என்று தொடங்குவார். என் சுகத்தை அவர் விசாரித்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, டொலர் ஏறிவிட்டதென்று வாடகையைக் கூட்டினார். பிறகு டொலர் இறங்கியது. தான் அனுப்பும் காசுக்கு இங்கே பெறுமதி குறைந்துவிட்டதென்று மறுபடியும் கூட்டினார். இதையெல்லாம் அவர் மிகவும் மரியாதையாகத்தான் செய்கிறார். அதையும் பதிவு செய்யவேண்டும்.

முற்பணம் ஒரு வருடத்துக்கு. மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான தொகையை மேசையில் வைத்த பிறகுதான் திறப்பைத் தொடலாம். 1972ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டில் வாடகைச் சட்டம் ஒன்று வந்ததென்று தாங்கள் அறிவீர்கள். எங்கள் ஒழுங்கையில் அதை அறிந்த வீட்டுக்காரர் யாரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

இத்தனை வருடம் உத்தியோகம் பார்த்தவருக்குச் சொந்த வீடு இல்லையா என்று பத்தி எழுதியவர் கேட்கக்கூடும். இருந்தது, இருதயபுரத்தில். எங்கள் பக்கத்து வழக்கம் தங்களுக்குத் தெரியாததல்ல, அவருக்காகத்தான் சொல்கிறேன். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையானாலும் மேற்கே படுவான்கரையானாலும், தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், இங்கே பெண்பிள்ளைக்கு வீடும் வளவும் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். தாயும் தகப்பனும் பின்வளவில் ஒரு குசினியோடு ஒதுங்குவார்கள், அல்லது அடுத்தவளுக்கு ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு அங்கே போவார்கள். என் வீட்டை மூத்தவளின் பெயருக்கு உறுதிப் பத்திரம் முடித்துக் கொடுத்தேன். இளையவளுக்குக் கட்டலாம் என்று இருந்த வேளையில்தான் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. கொழும்பில் வீட்டு விலை ஏறினால் தொடர்மாடியில் சின்னதாக ஒன்றைப் பார்க்கிறார்கள். இங்கே பெண்ணுக்கு வயது ஏறுகிறது.

சீதனத்தை ஒழித்தால் தீர்ந்தது என்று முன்பொருமுறை தங்கள் பத்திரிகையிலேயே ஒருவர் உபதேசம் செய்திருந்தார். ரொக்கத்தையும் நகையையும் கேட்பவர்களை அவர் தாராளமாகத் திட்டட்டும், நானும் சேர்ந்து திட்டுகிறேன். வீட்டுக் கதை வேறு. உறுதி பெண்ணின் பெயரில் இருந்தால், குடித்துவிட்டு அடிக்கிற கணவன்தான் படலையைத் தாண்டி வெளியே போகவேண்டும். பிள்ளைகளோடு அவள் அங்கேயே இருப்பாள். அப்படி இருந்த பெண்களை எங்கள் உறவுக்குள்ளேயே கண்டிருக்கிறேன். அரசாங்கம் கொடுத்த காணிகளில் நிலைமை நேர்மாறு. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளர் நியமிக்கப்படாவிட்டால் மகனைத்தான் முன்னால் நிறுத்தியது. அதைத் திருத்த 2022 வரை காத்திருந்தார்கள். கொழும்பில் இருந்து சட்டம் எழுதியவர்களுக்கும் எங்கள் ஊர் தெரியாது, பத்தி எழுதுகிறவர்களுக்கும் தெரியாது.

படுவான்கரைக்குப் போய்க் காணி வாங்கு என்று உறவினர்கள் சொல்கிறார்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு போக்குவரத்து இலகு என்பது உண்மை. ஆனால் எனக்குக் காட்டிய துண்டுகள் பெரும்பாலும் பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது, உறுதி கிடையாது. வீடு கட்டக் கடன் கேட்டால் தெளிவான உறுதி கொண்டுவா என்கிறது வங்கி. கையில் காசு இல்லாதவன்தான் மலிவான காணிக்குப் போகிறான். அந்தக் காணிக்குத்தான் கடனும் கிடையாது. சரி, நகரத்துக்குள்ளேயே பார்க்கலாம் என்றால், கல்லடிப் பக்கத்தில் ஒரு தரகர் எனக்குப் பேர்ச் ஒன்றுக்கு ஆறு இலட்சம் என்றார். பத்துப் பேர்ச் வாங்கினால் அறுபது இலட்சம், அதற்குப் பிறகுதான் அத்திவாரம். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே, "ஐயா, இது வெளிநாட்டு ஆட்களுக்குச் சொல்கிற விலை" என்று ஆறுதல் சொன்னார். உள்நாட்டு ஆளுக்கு என்ன விலை என்று கேட்டேன். அதே விலைதானாம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. உயிருக்குப் பயந்து ஓடியவர்கள், குளிரில் நின்று உழைத்தவர்கள், பிறந்த மண்ணில் ஒரு துண்டு வேண்டும் என்று நினைப்பது நியாயம். ஆனால் கல்லடியிலும் நாவற்குடாவிலும் வருடம் முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீடுகளைத் தங்கள் நிருபர் ஒருநாள் சைக்கிளில் சுற்றிப் பார்க்கவேண்டும். வாசலில் இரும்புக் கேட், உள்ளே தேங்காய் விழுந்து முளைத்துக் கிடக்கிறது.

வாடகை ஏறிய கதை நேற்றுத் தொடங்கியதல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் ஊரை நிறைத்தபோது, வீட்டுக்காரர் கேட்ட வாடகையைக் கொடுத்து நல்ல வீடுகளை எல்லாம் எடுத்துக்கொண்டன. கொடி கட்டிய ஜீப்புகள் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அவை ஏற்றிவைத்த வாடகை மட்டும் இறங்கவே இல்லை. இப்போது வெளியூர் மாணவர்கள் வருகிறார்கள். பிள்ளைகள் படிக்க வருவது ஊருக்குப் பெருமைதான். ஆனால் ஓர் அறைக்குள் நான்கு கட்டில் போட்டுக் கட்டிலுக்கு ஆறாயிரம் வாங்கலாம் என்று கண்டுகொண்ட வீட்டுக்காரர் குடும்பத்துக்கு ஏன் வாடகைக்குக் கொடுக்கப்போகிறார்?

இனி அந்த மீனும் கைக்குத்தரிசியும். கைக்குத்துகிற கை எந்த வீட்டில் இருக்கிறது என்று பத்தி எழுதியவர் முகவரி தந்தால் நல்லது. எங்கள் மாவட்டத்து நெல்லும் அம்பாறை நெல்லும் லொறி லொறியாகப் பொலன்னறுவை ஆலைகளுக்குப் போகின்றன. பிறகு அரிசியாகப் பையில் ஏறி, போன லொறிக்கூலியையும் வந்த லொறிக்கூலியையும் சுமந்துகொண்டு எங்களிடமே திரும்புகின்றன. 2024 டிசம்பரில் கிலோ நாட்டரிசிக்கு 230 ரூபாய், கீரிச்சம்பாவுக்கு 260 என்று கட்டுப்பாட்டு விலை போட்டார்கள். அந்த விலைக்குக் கீரிச்சம்பா கேட்டபோது கடைக்காரர் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் தந்தார். நல்ல மீனும் இறாலும் விடியுமுன்னே ஐஸ் பெட்டியில் கொழும்புக்குப் போய்விடுகின்றன. கழிந்ததுதான் எங்களுக்கு, அதுவும் கொழும்பு விலையைக் கேட்டறிந்த பிறகு சொல்லும் விலையில். காய்கறி தம்புள்ளையிலிருந்து வருகிறது. ஆற்று மண் எங்கள் ஊர் மண்தான். அதையும் வெளிமாவட்டத்து லொறிகள் அள்ளிக்கொண்டு போக, ஒரு கியூபுக்கு என்ன விலை என்று நாங்கள் கெஞ்சிக் கேட்கவேண்டியிருக்கிறது. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 வீதமானது. சிறு நகரம் என்று அதில் எங்களுக்கு யாரும் கழிவு தரவில்லை.

2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதம் என்றார்கள், பிறகு ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டதென்று மகிழ்ந்தார்கள். தாங்களும் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டீர்கள். ஏறிய விலை ஏறியபடியே நிற்க, மேலும் ஏறுகிற வேகம்தான் குறைந்திருக்கிறது என்பதைத் தங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அத்தோடு அந்த 70 வீதம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் கணக்கிட்டது. எங்கள் பட்டினியைக்கூடக் கொழும்பில் வைத்துத்தான் அளந்திருக்கிறார்கள்.

அரசாங்கம் கட்டிக்கொடுக்கும் என்று நம்பியவர்களின் கதையும் இருக்கிறது. 2019இல் ஆட்சி மாறியதோடு தவணைப் பணம் நின்றுபோய், அரைச்சுவரோடு நிற்கும் வீட்டுத்திட்டங்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை என்பது தங்கள் பிராந்திய நிருபருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்துக் கூரை போட்டவர்கள் அதில் உண்டு. அந்த வீட்டுக்குப் பொன்னாடையும் கமராவுமாக அடிக்கல் நாட்ட வந்தவர்கள் பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

முன்பு மின்கட்டணம் பற்றி நான் எழுதிய நீண்ட கடிதத்தை மூன்று வரியாக்கி, என் ஊரைத் திருகோணமலை என்று போட்டிருந்தீர்கள். வேலைப்பளு என்று எடுத்துக்கொண்டேன். இதையும் சுருக்குவதானால், கீழே உள்ள வேண்டுகோளையாவது விட்டுவிடவேண்டாம்.

தங்கள் பத்திரிகையில் கொழும்புப் புறக்கோட்டைச் சந்தை விலையும் தம்புள்ளைச் சந்தை விலையும் வருகின்றன. அவற்றின் பக்கத்தில் வாரம் ஒருமுறை மட்டக்களப்புச் சந்தையின் சில்லறை விலையையும் போடுங்கள். அரிசி, மீன், தேங்காய், ஒரு பை சீமெந்து, அவ்வளவு போதும். வீடு வாடகைக்கு என்று வரும் விளம்பரங்களில் வாடகையையும் முற்பணத்தையும் குறிப்பிட்டால்தான் பிரசுரிப்போம் என்று ஒரு விதி வைத்தால், என்னைப் போன்றவர்களுக்குத் தொலைபேசிச் செலவாவது மிஞ்சும். பக்கத்தில் இடமில்லை என்றால் ராசிபலனைச் சற்றுக் குறைக்கலாம். சிம்ம ராசிக்காரனான எனக்கு வீடு வாங்கும் யோகம் நெருங்கிவிட்டதாக அதில் ஆண்டுக்கணக்காகப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

இப்படிக்கு,
வாடகைக் குடியிருப்பாளன்,
கூழாவடி, மட்டக்களப்பு.