கண்ணீர் அஞ்சலியில் செல் நம்பர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தாராவி தொண்ணூறடி சாலைப் பக்கம் டி.டி.பி., பிளக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள் நிறைய வரும். இறந்தவரின் படம், தோற்றம், மறைவு, சொந்த ஊர், மனைவி மக்கள் பெயர், அடியில் ஒரு செல் நம்பர். இதே விவரங்கள் மறுநாள் உங்கள் பத்திரிகையிலும் விளம்பரமாக வருகின்றன. இறந்தவரோடு பேச வைக்கிறேன் என்று பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

எங்கள் பகுதியில் மகனைப் பறிகொடுத்த ஒரு அக்காவுக்கு, பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு போன் வந்தது. மகனின் ஆவி அம்மாவைத் தேடுகிறதாம். போனார். பையன் பெயர், ஊர், தங்கை பெயர் எல்லாம் பிசகாமல் வந்ததும் உடைந்து அழுதிருக்கிறார். வளையல் அடகுக்குப் போனது. அப்புறம் என்னிடம் சொல்லும்போதுதான் ஒன்று உறுத்தியது. ஆவி தன் பிறந்த நாள் ஜூன் 1 என்று சொல்லியிருக்கிறது. அது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. ஆதாரிலும் அதுதான், போஸ்டரிலும் அதுதான். பையன் பிறந்தது பங்குனி உத்திரத்தன்று. வருஷா வருஷம் அன்றைக்குத்தான் அந்த வீட்டில் பாயசம். பெற்ற தாயிடம் பேச வந்த பிள்ளை ஆதார் தேதியையா சொல்லும்?

இது பழைய வேலை. வித்தைக்காரர் ஹாரி ஹூடினி, வருமானம் இல்லாத இளம் வயதில், அமெரிக்காவின் கான்சாஸ் பக்கம் தானே ஆவி பேசும் காட்சி நடத்தியவர். முன்கூட்டியே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க் கற்களிலுள்ள பெயர், தேதிகளைப் பார்த்து வைத்துக்கொள்வார். பின்னாளில் அதை வெறுத்து, அப்படிப்பட்டவர்களைத் தேடித் தேடி அம்பலப்படுத்தினார். 1922-ல் அட்லாண்டிக் சிட்டியில், ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கானன் டாயிலின் மனைவி, ஹூடினியின் இறந்த தாயே எழுதுவதாகப் பக்கம் பக்கமாக எழுதித் தந்தார். மேலே சிலுவைக் குறி, அத்தனையும் ஆங்கிலம். அந்தத் தாயோ யூத மதகுருவின் மனைவி. ஆங்கிலம் சரியாக வராதவர். டாயிலின் மனைவி ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன், மனதார நம்பியவராகவே தெரிகிறது. ஆனால் ஹூடினியிடம் வேலை பார்த்த ரோஸ் மாக்கென்பர்க் வேஷம் மாற்றி, பொய்ப் பெயரில் போய்ப் பிடித்தவர்கள் காசுக்காகவே செய்தவர்கள். கல்யாணமே ஆகாத ரோஸுக்கு 'இறந்த கணவரிடமிருந்து' சேதி வந்ததாம்!

1986-ல் அமெரிக்கப் போதகர் பீட்டர் பாப்பாஃபை வித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி பிடித்தது இன்னும் தெளிவு. முன்பின் தெரியாதவர்களின் பெயர், முகவரி, நோயைப் பாப்பாஃப் கூட்டத்தில் சொல்வார். ராண்டியின் ஆட்கள் ரேடியோ ஸ்கேனர் வைத்துக் கேட்டார்கள். ஜனங்கள் முன்னதாக எழுதிக்கொடுத்த அட்டைகளை மனைவி படிக்க, பாப்பாஃபின் காதிலிருந்த கருவியில் அது ஒலித்துக்கொண்டிருந்தது.

நம் மகாராஷ்டிர மாநிலத்தில் இப்படிப்பட்ட ஏமாற்றுக்கு எதிராகச் சட்டம் இருக்கிறது. அதற்காகப் பல ஆண்டுகள் போராடிய நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் அது வந்தது. அற்புதம் காட்டி ஏமாற்றிப் பணம் பறித்தால் ஆறு மாதம் முதல் ஏழு ஆண்டு வரை சிறை. சரி, புகார் கொடுக்கலாம் வாங்க என்றேன். "அவனே பேசின மாதிரி இருந்துச்சு தம்பி, விட்டுடு" என்றார் அக்கா. அந்தத் துக்கத்தில் இருப்பவரை எப்படி வற்புறுத்துவது? அதனால்தான் போன் வருவதற்கு முன்பே தடுக்க வேண்டும் என்கிறேன்.

என் கடைக்கு வருகிறவர்களிடம் பிறந்த தேதியையும் செல் நம்பரையும் விட்டுவிடச் சொல்கிறேன். காரியம் நடக்கும் இடமும் நேரமும் போதும். உங்கள் விளம்பரப் பிரிவும் இதையே சொல்லட்டும். வரி விளம்பரத்தில் 'ஆவியுடன் பேசலாம்' என்று வருபவற்றை வாங்காதீர்கள். இந்தத் தந்திரங்களைப் படத்தோடு விளக்கி ஒரு பக்கம் போடுங்கள். நீங்கள் அனுமதித்தால் அதைப் பெரிதாக அடித்து என் கடை வாசலில் ஒட்டுகிறேன், செலவு என்னுடையது.

இப்படிக்கு,
டி.டி.பி. கடைக்காரர்,
தாராவி, மும்பை